ஆபிரகாம் பண்டிதரும் சங்கீத மகாநாடுகளும்

கற்ற வித்தையைத் தன் வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே மெச்சிக்கொள்ளுதல் எவர்க்கும் எளிது. அதனைக் கற்றோர் நிறைந்த அவையின் நடுவே கொண்டுபோய் வைத்து, அவர்கள் தட்டியும் உரைத்தும் பார்க்குமாறு விட்டு, ஐயமென்று எழுந்த ஒவ்வொன்றிற்கும் முகங்கோணாது விடை கூறி நிற்றலோ மிக அரிது. பொன் வணிகன் உரைகல்லைக் கண்டு அஞ்சுவானாயின் அவனுடைய பொன்னின்மேல் நமக்கு ஐயம் பிறத்தல் இயல்பே. வித்தைக்கு உரைகல் சபையாகும். இவ்வுண்மையைத் தம் உழைப்பாலும் தம் பொருளாலும் விளக்கிக் காட்டிச் சென்ற பெரியார் ஒருவருடைய சரித்திரத்தை இத்திங்கள் நம் சங்கத்து அன்பர்களுக்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் கூற எண்ணுகின்றோம். அவர்தாம் தஞ்சை ராவ் சாகிப் ஆபிரகாம் பண்டிதர்.

தஞ்சையில் வாழ்ந்த ஒருவருக்கும், அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வாழும் நமக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். மகாநாடு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் பக்கத்து முதியோர்க்கு 1955-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஆவடியிற் கூடிய காங்கிரஸ் மகாசபையே நினைவிற்கு வரும். இராஜீய மகாநாடு இன்னதென்று நம் ஊரார் அறிவர். சங்கீதமும் நம் பக்கத்திற்குப் புதிதன்று. பூந்தமல்லிக்கு அணித்தான கோவூரில் வாழ்ந்த சுந்தரேச முதலியாரின் அழைப்பிற்கு இணங்கித் தியாகராஜ சுவாமிகள் அங்கு எழுந்தருளியதும், அவ்வூர்ச் சுந்தரேசுவரர்மீது ஐந்து கீர்த்தனைகள் இயற்றியதும், அவை கோவூர்ப் பஞ்சரத்தினம் என்று இன்றும் பாடப்பெறுவதும் நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் செய்திகள் அல்லவா?

ஆயினும் கோவூரில் நிகழ்ந்தது ஒருவகை. சங்கீத மகாநாடு மற்றொருவகை. அங்கே ஒரு வித்வான், ஒரு பிரபு, ஒரு வீடு. மகாநாட்டிலோ பல தேசத்து வித்வான்களும் நூல்வல்லாரும் ஒருங்கு கூடுவர். காலையில் சாஸ்திரத்தைப் பற்றி வாதம் நிகழும். மாலையில் பாட்டும் வாத்தியமும் நிகழும். பெயர் பெறாத இளையோரும் தம் திறமையைக் காட்ட இடம் பெறுவர். இக்காலத்தில் மேனாடுகளிலும் இம்முறை பரவியிருக்கின்றது. அமெரிக்காவில் டெக்சஸைச் சேர்ந்த ஆஸ்டின் நகரில் 1987 முதற்கொண்டு நடைபெற்று வரும் பெரிய மகாநாட்டில் பகலில் இசைத்தொழிலைப் பற்றிய பேச்சும், இரவில் சிறு சிறு மண்டபங்களில் புதியோரின் பாட்டும் நிகழ்கின்றன. நம் குடும்பங்களிலும் சங்கீதம் பயிலும் சிறுவர் சிறுமியர் பலர் இருக்கின்றனர். அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் சபைக்குச் செல்லுதலின் பயன் யாதென்று அறியவேண்டுமாயின், தமிழ்நாட்டில் இம்முயற்சியைத் தம் சொந்தச் செலவில் தொடங்கிய பண்டிதரின் வரலாற்றை அறிதல் நன்று.

ஆபிரகாம் பண்டிதர் 1859-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2-ஆம் தேதி, தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரை என்னும் ஊரில் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையார் முத்துசாமி, தாயார் அன்னம்மாள். இளமைக் கல்விக்குப்பின் திண்டுக்கல்லிலிருந்த ஆசிரியப் பயிற்சிப் பாடசாலையிற் சேர்ந்து தேர்ந்து, ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். ஒன்றைக் கண்டால் அதன் உட்பொருளை அறிந்தாலன்றி அமையாத இயல்பு அவர்க்கு இளமையிலேயே வாய்த்திருந்தது. புகைப்படம் எடுத்தல், அச்சுத்தொழில், சோதிடம், வைத்தியம் என்று எதிர்ப்பட்ட கலைகளையெல்லாம் கற்றார். பிடில் வாசிப்பைத் திண்டுக்கல்லில் சடையாண்டிப் பத்தர் என்பாரிடம் பயின்றார். இசையால் சீவனம் நடத்தும் குடும்பத்தில் தோன்றாதவராயினும், அக்காலத்து விதைத்த அவ்விதையே பிற்காலத்தில் பெருமரமாயிற்று.

சுருளிமலையில் கருணானந்தர் என்னும் முனிவரைக் கண்டு அவரிடம் சித்தமருத்துவ முறைகளைக் கற்றுக்கொண்டமை பண்டிதருடைய வாழ்வில் ஒரு திருப்பமாயிற்று. அவ்வாசிரியர்மீது அவர் கொண்ட நன்றி அளவிடற்கரியது. பிற்காலத்தில் மருந்து, தோட்டம், நூல் ஆகிய தம் முயற்சிகள் அனைத்திலும் அக்கருணையின் பெயரையே அவர் பொறித்து வைத்தார்.

1882-இல் ஞானவடிவு பொன்னம்மாள் என்னும் கல்வியிற் சிறந்த பெண்மணியை மணந்து, மறு ஆண்டில் இருவரும் தஞ்சைக்குக் குடிபுகுந்தனர். அங்கு ஒரு பெண் பாடசாலையில் அம்மையார் தலைமையாசிரியையாகவும், பண்டிதர் தமிழாசிரியராகவும் பணியாற்றினர். மனைவி தலைமையிடத்தும் கணவர் அவர்க்குக் கீழும் இருந்து பணிபுரிதலை இழிவென்று கருதாத குடும்பம் அது. 1890-இல் அவ்வேலையை விட்டு இருவரும் மருந்து செய்தலையே முழுத்தொழிலாகக் கொண்டனர். கருணாநிதி வைத்தியசாலை என்ற பெயருடன் விளங்கிய அவர்களுடைய நிலையத்தின் சஞ்சீவி மருந்துகள் தமிழ்நாடெங்கும் பரவிக் கடல் கடந்த நாடுகளிலும் விலை போயின. தஞ்சைக்குப் புறத்தே கருணானந்தபுரம் என்ற பெயரால் பெருந்தோட்டம் ஒன்றை உண்டாக்கி, மூலிகைகளையும் கரும்பு முதலிய பயிர்களையும் புதுமுறையில் வளர்த்தார். ஊரார் அதனைப் பண்டிதர் தோட்டம் என்றே வழங்கினர். அரசாங்கத்தார் 1909-ஆம் ஆண்டு ராவ் சாகிப் என்னும் பட்டம் அளித்துச் சிறப்பித்தனர்.

இவ்வளவில் நின்றிருப்பினும் அவர் புகழுடையவராகவே இருந்திருப்பார். பொருள் ஈட்டிய பின்னர் அதனை எவ்வழியிற் செலவிட்டார் என்பதிலேதான் அவருடைய பெருமை விளங்குகின்றது. நாற்பது வயது கடந்து, கை நிறையத் தொழிலும் வீடு நிறைய மக்களும் உடைய ஒருவர், பணத்தால் வரக்கூடிய சுகங்களை நாடாமல், சுருதி என்பது யாது என்னும் ஒரு வினாவை நாடிச் சென்றார். 1907-ஆம் ஆண்டில் கருணாமிர்த சாகரத் திரட்டு என்ற பெயரால், மாணவர் பயிலுதற்குரிய தமிழ்க் கீதங்களையும் கீர்த்தனைகளையும் இயற்றி வெளியிட்டார். பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கியவர் தாமே பெரிய மாணாக்கர் ஆனார்.

அவர் ஆராய்ந்த வினாவை நம் குடும்பத்துச் சிறுவர்க்கும் விளங்குமாறு சிறிது கூறுவோம். வீணையின் தண்டிலே இருபத்துநான்கு மெட்டுகள் உள்ளன. ஸ்தாயி ஒன்றுக்குப் பன்னிரண்டாக இரண்டு ஸ்தாயிக்கு அவை அமைந்திருக்கின்றன. கையாலே தொட்டு வாசிக்கும் சுரங்கள் பன்னிரண்டு. ஆனால் 13-ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்நாகரம் முதலிய வடநூல்கள் ஒரு ஸ்தாயியிலுள்ள சுருதிகள் இருபத்திரண்டு என்று கூறுகின்றன. நூலிற் கூறும் இருபத்திரண்டும், கையில் நிற்கும் பன்னிரண்டும் எவ்வாறு பொருந்தும்? வித்வான்கள் பலர் நூலைப் போற்றினர். ஆனால் வாசிக்கும்போது நூலைப் பார்க்கவில்லை. இம்முரண்பாட்டைப் பலரும் கண்டு வாளா இருந்தனர். பண்டிதரால் அவ்வாறு இருக்க முடியவில்லை.

இன்னும் ஒரு கணக்கு உண்டு. ஒரு சுரத்தின் பஞ்சமம் அதனைப்போல் ஒன்றரை மடங்கு அதிர்வுடையது. மேல் ஸ்தாயிச் சட்சம் இரண்டு மடங்கு அதிர்வுடையது. சட்சத்திலிருந்து பஞ்சமத்திற்கும், அதன் பஞ்சமத்திற்குமாக இவ்வாறு பன்னிரு முறை ஏறிச் சென்றால், பன்னிரண்டு சுரங்களையும் தொட்டுக்கொண்டு ஏழு ஸ்தாயிக்கு மேலுள்ள சட்சத்தை வந்தடைய வேண்டும். கணக்கிட்டால் ஏழு ஸ்தாயி 128 மடங்கு. பன்னிரு பஞ்சமங்களோ ஏறத்தாழ 129.75 மடங்கு. சிறிது மிஞ்சுகின்றது. இம்மிச்சத்தை என் செய்வது என்பது உலகமெங்கும் இசைக்கணக்கர்களை மயங்கவைத்த வினாவாகும். மேனாட்டார் பியானோவில் அதனைப் பன்னிரண்டு சுரங்களுக்கும் சமமாகப் பங்கிட்டுவிட்டனர்.

பண்டிதர் விடைக்காகச் சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் நாடினார். ஆயப்பாலை, வட்டப்பாலை, திரிகோணப்பாலை, சதுரப்பாலை என்று பழந்தமிழர் கூறியவற்றை ஆராய்ந்து, ஸ்தாயியைச் சம அளவாகப் பன்னிரண்டாகவும், இருபத்துநான்காகவும், மேலும் நுட்பமாக நாற்பத்தெட்டும் தொண்ணூற்றாறுமாகவும் பகுக்கும் முறையே அவற்றின் உட்கருத்து என்று துணிந்தார். சுருதி இருபத்துநான்கே என்பதும், பாடும்போது இரு சுரங்களில் ஓரோர் அலகு குறைத்துப் பாடிய வழக்கத்தினாலேயே இருபத்திரண்டு என்ற எண் தோன்றியதென்பதும் அவருடைய முடிபு.

இத்தகைய முடிபைக் கண்ட ஒருவர் நூலெழுதி வெளியிட்டுவிட்டு மகிழ்ந்திருக்கலாம். பண்டிதரோ முதலில் சபையைத் தேடினார். சபை இல்லாமையால் தாமே ஒன்றை உண்டாக்கினார். 1912-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் தேதி தஞ்சை சங்கீத வித்யா மகாஜன சங்கத்தின் முதற் கூட்டம் அவருடைய முயற்சியால் கூடிற்று. 1914-க்குள் இவ்வாறு ஆறு மகாநாடுகள் நடைபெற்றன. இராக லட்சணங்களையும் சுருதிகளையும் பற்றிய விவாதங்கள் அங்கு நிகழ்ந்தன. வித்வான்கள் பாடியும் வாசித்தும் காட்டினர். வந்தோரை உபசரித்தற்கும் கூட்டங்களை நடத்துதற்கும் வேண்டிய பொருளை மருந்து விற்று ஈட்டிய தம் கைப்பொருளிலிருந்தே செலவிட்டார். தம்மைப் புகழ்வோர்க்கு விருந்திடுதல் உலக வழக்கம். தம்மை மறுப்போர்க்கும் விருந்திட்டு, மறுப்பைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுதல் பண்டிதருடைய வழக்கமாயிற்று.

இது நடந்துகொண்டிருந்த காலத்திலேயே வடக்கிலும் ஒருவர் இதே தாகத்துடன் அலைந்துகொண்டிருந்தார். அவர் பம்பாயில் வக்கீல் தொழில் கற்ற விஷ்ணு நாராயண் பாத்கண்டே. 1860-இல் பிறந்தவராதலின் பண்டிதருக்கு ஓராண்டே இளையவர். அவரும் இசையைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்டவரல்லர். 1904-இல் அவர் தென்னாடு போந்து எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரைக் கண்டு, நம் மேளகர்த்தா முறையைக் கேட்டறிந்து சென்றார். அவருடைய முயற்சியாலும், பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அவர்களின் ஆதரவாலும், 1916-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் முதல் அகில இந்திய சங்கீத மகாநாடு பரோடா நகரிற் கூடிற்று. 1886-ஆம் ஆண்டிலேயே மௌலா பக்ஷ் என்னும் வித்வானைக் கொண்டு சங்கீதப் பாடசாலை ஏற்படுத்திய சமஸ்தானம் அது. அவ்வாண்டுகளில் அங்கே திவானாக விளங்கிய வி. பி. மாதவராவ் அவர்கள் நம் கும்பகோணத்திற் பிறந்தவர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

அம்மகாநாட்டிற்குத் தஞ்சைப் பண்டிதருக்கும் அழைப்பு வந்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு. சென்னையிலிருந்து அரக்கோணம் வழியாகப் பம்பாய்க்குச் செல்லும் இருப்புப்பாதை நம் அம்பத்தூரையும் ஆவடியையும் ஊடறுத்தே செல்லுகின்றது. மாலை வேளைகளில் அவ்வழியே வடமேற்கு நோக்கி ஓடும் தொலைதூர வண்டிகளை நிலையத்தில் நின்று காணும்போதெல்லாம், தம்பூராவும் வீணையும் நூற்கட்டுகளுமாகப் பரோடாவுக்குப் பயணமான அத்தஞ்சைக் குடும்பத்தை நாம் நினைத்துக்கொள்வதுண்டு.

குடும்பத்தை என்று நாம் கூறியது பிழையன்று. பண்டிதர் தனியே செல்லவில்லை. அவர் குடும்பத்துப் பெண்மணிகளான மரகதவல்லி அம்மையாரும் கனகவல்லி அம்மையாரும் உடன் சென்றனர். அச்சபையில் பண்டிதர் தம் சுருதிக் கணக்கை எடுத்துரைக்க, அதனைக் குரலாலும் வீணையாலும் செவிக்குப் புலனாகும்படி காட்டியவர்கள் அவ்விளம் பெண்மணிகளே. அக்காலத்தில் வீணை தனம்மாள் போன்ற பரம்பரைக் கலைச்செல்வியர் வெளிப்படையாகப் பாடி வாசித்துப் பெரும்புகழ் பெற்றிருந்தனர். ஏனைக் குடும்பப் பெண்கள் அயலார் கூடிய சபையில் வாய் திறந்து பாடுதல் பெரும்பாலும் வழக்கத்தில் இல்லை. அங்ஙனமிருக்க, மொழியும் உடையும் வேறான ஒரு தேசத்தில், மன்னரும் உஸ்தாத்களும் பண்டிதர்களும் வீற்றிருந்த அவையில், தமிழ்க்குடும்பத்துப் பெண்கள் ஒரு சாஸ்திர வாதத்திற்குச் சாட்சியாக அமர்ந்து பாடினர் என்றால், அவர்களுடைய பயிற்சியும் துணிவும் எத்தகையனவாக இருந்திருத்தல் வேண்டும்! சுருதி சிறிது பிசகினாலும் பிசகுவது பாட்டு மட்டும் அன்று. ஆண்டுக்கணக்காக வீட்டுப் பெரியவர் கண்ட முடிபே அன்று சபையின் நடுவில் பிசகிவிடும். அப்பொறுப்பை அவர் அவர்களிடம் ஒப்புவித்தார். அவர்களும் அதனை ஏற்றுக்கொண்டனர்.

அச்சபையின் காலம் பண்டிதருக்கு அனுகூலமானதென்று சொல்லமுடியாது. இருபத்திரண்டு சுருதி என்ற கொள்கை அப்போது மிக்க செல்வாக்குடன் இருந்தது. சாங்கிலியைச் சேர்ந்த கே. பி. தேவல் என்பவர் 1910-இல் அதனைப் பற்றி நூல் வெளியிட்டிருந்தார். அவரும், ஆங்கில உத்தியோகஸ்தரான கிளெமெண்ட்ஸ் துரையும் அச்சுருதிகளுக்கென்றே ஓர் ஆர்மோனியத்தையும் அமைத்திருந்தனர். இவ்வாறு வேரூன்றியிருந்த கொள்கைக்கு எதிராகத் தென்னாட்டு மருத்துவர் ஒருவர், சிலப்பதிகாரத்தைக் கையிற்கொண்டு நின்றார்.

வென்றாரா என்று நேயர்கள் கேட்கலாம். உண்மையை உள்ளவாறே உரைப்போம். சுருதி வினா பரோடாவிலே தீரவில்லை, பின்னரும் தீரவில்லை. 1947-இல் யாழ் நூல் வெளியிட்ட விபுலானந்த அடிகள் சிலப்பதிகாரத்தையே ஆராய்ந்தும் இருபத்திரண்டு என்னும் கணக்கையே கொண்டார். இன்றும் கற்றோர் அனைவரும் பண்டிதர் முடிபை ஒப்பினர் என்று கூறுதற்கில்லை. ஆயினும் வெற்றி தோல்வியால் அளக்கத்தக்க காரியமன்று அது. இந்திய இசையைப் பற்றிய வாதத்தில் வடநூலோடு தமிழ் நூலும் சான்றாக வைக்கப்படவேண்டும் என்பதை அகில இந்திய சபையொன்றிலே அவர் நிலைநாட்டினார். அதனை எதிர்ப்போரும் இனி அதனைப் படித்துவிட்டே எதிர்த்தல் வேண்டும் என்ற நிலை உண்டாயிற்று.

பரோடாவிலிருந்து மீண்ட மறு ஆண்டாகிய 1917-இல் அவருடைய பேரூழியமாகிய கருணாமிர்த சாகரம் தஞ்சையில் அவருடைய லாலி மின்சார அச்சுக்கூடத்தில் அச்சாகி வெளிவந்தது. 1,300 பக்கங்களுக்கு மேற்பட்ட அப்பெருநூலைக் கண்டோர் வியவாதிருத்தல் அரிது. முன்னோர் கூற்று, சமகாலத்தார் கூற்று, தம்மை மறுத்தோர் கூற்று, தம் கணக்கு என்று ஒவ்வொன்றும் அங்கே எடுத்து வைக்கப்பட்டிருக்கின்றது. சபையிற் கேட்ட கேள்விகளே அந்நூலைப் பெருக்கின என்று நாம் கருதுகின்றோம். திண்ணையில் இருந்தபடியே எழுதியிருந்தால் அது சிறு புத்தகமாக முடிந்திருக்கும்.

1919-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ஆம் தேதி, அறுபதாண்டு நிரம்பிய அதே திங்களில், பண்டிதர் இவ்வுலக வாழ்வை நீத்தார். இராகங்களைப் பற்றிய இரண்டாம் பாகத்தின் வேலை எஞ்சி நின்றது. பரோடா சபையிலே பாடிய அதே மரகதவல்லி அம்மையார், தந்தையார் விட்டுச்சென்ற அவ்வேலையை மறவாது போற்றி, 1946-இல் அவ்விரண்டாம் பாகத்தை உலகிற்கு அளித்தார். தந்தை மறைந்து இருபத்தேழு ஆண்டுகள் கழிந்த பின்னரும் ஒரு மகள் அவர் கடனைத் தீர்த்தாள் என்னும் இச்செய்தியை எழுதும்போது நம் நெஞ்சம் நெகிழ்கின்றது. மகளைச் சபைக்கு அழைத்துச் சென்ற தந்தைக்கு அதனினும் சிறந்த பயன் வேறு யாது வேண்டும்?

அவர் நட்ட மரம் பிறகு பல கிளைகளாகப் படர்ந்தது. அகில இந்திய மகாநாடு 1918-இல் டில்லியிலும் அதன்பின் பிற நகரங்களிலும் கூடிற்று. 1927 டிசம்பரில் சென்னையிற் கூடிய காங்கிரஸை ஒட்டி ஒரு சங்கீத மகாநாடு நடைபெற, அதன் பயனாக மறு ஆண்டில் சென்னை மியூசிக் அகாதெமி தோன்றிற்று. 1943-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியால் தமிழிசைச் சங்கம் தோன்றி, 1949 முதற்கொண்டு பண் ஆராய்ச்சிக் கூட்டங்களையும் நடத்தத் தொடங்கிற்று. மார்கழி தோறும் சென்னையில் இன்று நாம் காணும் காலை விவாதமும் பகற்பொழுதின் இளைஞர் கச்சேரியும் மாலைப் பெருங்கச்சேரியும் ஆகிய இம்முறைக்கு முன்னோடிகளுள் தஞ்சையின் அவ்வெளிய சங்கமும் ஒன்று. தஞ்சை நகரில் இன்று ஆபிரகாம் பண்டிதர் சாலை என்று ஒரு வீதி அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இனி நம் கடமையைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறி முடிப்போம். சில மார்கழிகளுக்கு முன்னர் நாம் நம் அன்பர் சிலருடன் ஆவடியிலிருந்து மின்சார வண்டியேறிச் சென்னையில் ஒரு சபைக்குச் சென்றிருந்தோம். பகல் இரண்டு மணி. மேடையில் பதினைந்து அல்லது பதினாறு வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள். குரல் இனிமை, சுருதி சுத்தம். கேட்போரோ இருபதின்மருக்கு மேலில்லை; அவர்களிலும் பாதியினர் அவளுடைய சுற்றத்தார். அவள் பாடி முடித்ததும் தந்தையார் புகைப்படம் எடுத்தார். தாயார் சால்வையை மடித்து வைத்தார். எல்லாரும் எழுந்து சென்றனர். அவள் எடுத்துக்கொண்ட இராகத்தைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிழை சொல்வாரும் இல்லை. பிழையில்லை என்று சொல்வாரும் இல்லை. அடுத்து வந்த பிரபல வித்வானுக்காக அம்மண்டபம் சிறிது நேரத்தில் நிரம்பிவிட்டது. அத்தகைய மேடைக்கு ஏழெட்டு ஆண்டு பயிற்சியோடு பணமும் கொடுத்துவிட்டு வருகின்ற பெற்றோர்களும் உளர் என்று பின்னர்க் கேள்வியுற்றோம்.

பண்டிதர் பிறரைக் கேட்பதற்காகத் தம் பணத்தைச் செலவிட்டார். நாமோ நம் குழந்தைகளைப் பிறர் கேட்கவேண்டுமென்று செலவிடுகின்றோம். பிறர் குழந்தைகளைக் கேட்க வீட்டைவிட்டுப் புறப்படுவதில்லை. எல்லாரும் பாட வருவாராயின் கேட்பார் எங்ஙனம் உண்டாவர்? கேட்பார் இல்லாத மேடை, உரைகல் இல்லாத பொன் வாணிபமே.

ஆதலின் நம் சங்கத்து அன்பர்களுக்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றோம். முதலாவது, சபைக்குச் செல்வோர் மாலைக் கச்சேரியோடு நின்றுவிடாமல், பெயர் அறியாத இளையோர் பாடும் பகற்பொழுதிற்கும், வித்வான்கள் விளக்கம் கூறும் காலைப்பொழுதிற்கும் செல்வாராக. பல இடங்களில் அவ்வேளைகளில் கட்டணமும் இல்லை. இரண்டாவது, நம் ஆண்டு விழாவில் இளையோர்க்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, பாடிய பின் அறிந்த பெரியோர் ஒருவர் அன்போடு இரண்டு கேள்வியாவது கேட்கும் வழக்கத்தை ஏற்படுத்துவோமாக. கைதட்டல் அன்றைக்கு மகிழ்ச்சி தரும்; கேள்வியோ ஆண்டு முழுதும் உழைக்கச் செய்யும். மூன்றாவது, பெண்மக்களின் பயிற்சி திருமணத்தோடு நின்றுபோதல் இன்னும் நம் குடும்பங்களிற் காணப்படுகின்றது. பரோடாவில் வீணையேந்திய பெண்மணிகளையும், முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர்த் தந்தையின் நூலை வெளியிட்ட மரகதவல்லி அம்மையாரையும் எண்ணி, அக்குறையை நீக்குவோமாக.

மருந்து விற்ற கையால் இசைக்கு உயிர் கொடுத்த பெரியார் அவர். உடற்பிணிக்கு மருந்து செய்தவர், வித்தைக்கு நேரும் பிணி இன்னதென்றும் அறிந்திருந்தார்; வாதத்திற்கு அஞ்சி ஒதுங்கி நிற்றலே அப்பிணி. அதற்குச் சபையே மருந்து என்று கண்டு, அம்மருந்தை முதலில் தாமே உண்டார். தம் மக்களுக்கும் ஊட்டினார். நம் ஊர்ச் சிறுவர் சிறுமியரும் அஞ்சாது அவையேறுக! நாமும் அவர்களைக் கேட்கும் அவையாகுக!